அளவும் நாளும்: ஊரில் தையல்கடை நடத்துபவருக்கு ஒரு வழிகாட்டி

"புத்தளம் டவுனில் ரெடிமேட் சட்டை மலிவாகத் தொங்குகிறது. நான் தைத்துக் கொடுத்தால் யார் வாங்குவார்கள்?" இலங்கையின் கற்பிட்டிப் பகுதியில், மாம்புரிப் பக்கத்தில் தையல் தெரிந்த பெண்களிடம் கடை போடச் சொன்னால், முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. விலையை வைத்து ரெடிமேடோடு போட்டிக்குப் போனால் தோற்றுத்தான் போவோம். ஆயிரக்கணக்கில் வெட்டித் தைக்கும் தொழிற்சாலையின் விலைக்கு வீட்டுத் திண்ணையில் இருக்கும் ஒரு மெஷினால் இறங்க முடியாது.

ஆனால் தையல்கடைக்கு வருகிறவர் மலிவைத் தேடி வருவதில்லை. உடுப்பு தன் உடம்புக்குச் சரியாக இருக்கவேண்டும், விசேஷத்துக்கு முன்னால் கைக்குக் கிடைக்கவேண்டும் என்ற இரண்டு காரியத்துக்காகத்தான் வருகிறார். அளவு ஒன்று, நாள் ஒன்று. இந்த இரண்டையும் காப்பாற்றும் கடை நிலைக்கும். மெஷின் வாங்குவது, கூலி போடுவது, கடன் எடுப்பது எல்லாவற்றையும் இந்த இரண்டுக்கும் துணையாக அமைத்துக்கொள்வது எப்படி என்று பார்ப்போம்.

யாருக்குத் தைக்கப் போகிறீர்கள்?

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியை அண்டிய ஊர்களில் கத்தோலிக்கர், முஸ்லிம்கள், இந்துக்கள், பௌத்தர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். ஒரே கடைக்கு முதல் நன்மைக் கவுனும் வரும், அபாயாவும் வரும், சாறி பிளவுஸும் வரும், மூட்டுவதற்குச் சாரமும் வரும். எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொள்ளாமல், முதல் வருடத்தில் இரண்டு வகையைத் தேர்ந்தெடுத்து அவற்றில் பெயர் எடுங்கள்.

வருடம் முழுக்க ஓடும் வேலை சாறி பிளவுஸ். அரச பாடசாலை ஆசிரியைகளும் அலுவலகப் பெண்களும் பெரும்பாலும் சாறி கட்டித்தான் வேலைக்குப் போகிறார்கள். சாறியைக் கடையில் எடுக்கலாம், பிளவுஸை அவரவர் உடம்புக்குத்தான் தைக்கவேண்டும். ஒரு பாடசாலையில் இரண்டு ஆசிரியைகளுக்கு நன்றாகத் தைத்துக் கொடுத்தால், மிச்சப் பேர் அவர்களிடமே கடையை விசாரித்து வந்துவிடுவார்கள்.

அடுத்தது பாடசாலைச் சீருடை. 1993 முதல் அரசாங்கம் மாணவர்களுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்து வருகிறது. இடையில் சில வருடங்கள் துணிக்குப் பதிலாக வவுச்சர் வந்தது, பிறகு மீண்டும் துணியே வந்தது. 2025-ஆம் ஆண்டுக்கான துணி முழுவதும் சீனாவின் அன்பளிப்பு. துணி இலவசமாகக் கிடைத்தாலும் அதை யாரோ தைத்தாகவேண்டும். பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் வருடத்துக்கு ஒருமுறை தையல் வேலை இருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. மாம்புரியில் 2010-இல் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. பக்கத்து நுரைச்சோலையில் 2011-இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு வேலைசெய்ய ஆரம்பித்தது. ஆலங்குடாவிலும் கற்பிட்டியிலும் டொல்பின் பார்க்கவும் காற்றாடிச் சறுக்கு விளையாடவும் வருகிறவர்களுக்காக ஹோட்டல்கள் இருக்கின்றன. பணியாளர் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று இவர்களுக்குத் தேவை இருக்கும். நேரில் போய், தைத்த மாதிரி ஒன்றைக் கையில் காட்டிக் கேளுங்கள். ஒரே வெட்டில் பத்து இருபது தைப்பதால் நேரம் மிச்சமாகும். ஆனால் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்காமல் கத்திரிக்கோலைத் துணியில் வைக்காதீர்கள். மொத்த ஓடரில் கடன் சொன்னால் சின்னக் கடை தாங்காது.

வருடத்தை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்

தையல்காரருக்கு நாட்காட்டிதான் முதல் கருவி. ஜனவரிக்கு முன் சீருடை. தைப்பொங்கல். மார்ச்சிலும் ஓகஸ்டிலும் தலவில புனித அன்னம்மாள் திருவிழா. ஏப்ரலில் புத்தாண்டு. நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள். தீபாவளி, நத்தார். இவற்றோடு கல்யாணம், முதல் நன்மை, பூப்பு நீராட்டு.

இதில் பெருநாள்கள் மட்டும் பிறை பார்த்து வருபவை. வருடத்துக்கு ஏறக்குறைய பதினொரு நாள் முன்னால் நகரும். 2026-இல் நோன்புப் பெருநாள் மார்ச் மூன்றாம் வாரத்தில், 2027-இல் அதே மாதம் இரண்டாம் வாரத்தை ஒட்டி, 2028-இல் பெப்ரவரிக் கடைசியில். தலவில மார்ச் திருவிழாவும் ஏப்ரல் புத்தாண்டும் பக்கத்திலேயே நிற்பதால், இந்த வருடங்களில் பெப்ரவரியும் மார்ச்சும் நம் பக்கத்துத் தையல்காரருக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதங்கள். போன வருடத்து ஞாபகத்தில் ஓடர் எடுத்தால் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

உங்கள் கைக்கு எவ்வளவு வேலை ஏலும் என்று கணக்குப் பாருங்கள். நாளுக்கு ஆறு மணிநேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 36 மணிநேரம். அதில் ஆறு மணிநேரத்தைத் திருத்த வேலைக்கும் திடீரென வரும் காரியங்களுக்கும் ஒதுக்குங்கள். மிச்சம் 30. லைனிங் வைத்த ஒரு பிளவுஸுக்கு இரண்டரை மணிநேரம் பிடித்தால், ஒரு வாரத்தில் பன்னிரண்டு. கொப்பியில் அந்த வாரத்துக்குப் பன்னிரண்டு பெயர் விழுந்ததும் வாரம் நிரம்பிவிட்டது. பதின்மூன்றாவதாக வருகிறவரை அடுத்த வாரத்தில் எழுதுங்கள்.

முடியாதபோது முடியாது என்று சொல்வதும் தொழில்தான். "இந்தப் பெருநாளைக்கு ஏலாது ராத்தா, பெருநாள் முடிஞ்ச கையோட தைச்சுத் தாறன்" என்று நேரே சொன்னால் அவருக்கு அப்போது கொஞ்சம் மனவருத்தம் இருக்கும், ஆனால் திரும்பி வருவார். வாங்கி வைத்துவிட்டுப் பெருநாள் இரவு கைவிரித்தால் அவரும் வரமாட்டார், அவர் வீட்டாரும் வரமாட்டார்கள். "நாளைக்கு வாங்க" என்ற பேச்சுத்தான் தையல்கடைகளுக்கு ஊரில் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பேச்சு இல்லாத கடை என்ற பெயரே உங்கள் விளம்பரம். தவிர்க்க முடியாமல் பிந்துகிறது என்றால், இரண்டு நாளுக்கு முன்பே நீங்களாகப் போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

அளவு எடுக்கும் கை

அளவு எடுக்கும்போது வாடிக்கையாளரை நேரே பார்க்கச் சொல்லுங்கள். குனிந்து நாடாவைப் பார்த்தால் தோள் இறங்கிவிடும், முன் உயரம் மாறிவிடும். நெஞ்சளவு எடுக்கும்போது நாடாவுக்குள் இரண்டு விரல் போகவேண்டும். இரண்டு தோளையும் தனித்தனியே பாருங்கள். பலருக்கு ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும். பிறகு கையைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். நாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதுகிறவருக்கும் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நின்று போகிறவருக்கும், நிற்கும்போது சரியாக இருக்கிற பிளவுஸ் கை தூக்கினால் இழுக்கும். கைக்குழி அளவை அதற்கேற்ப எடுக்கவேண்டும்.

பலர் பழைய பிளவுஸ் ஒன்றைக் கொண்டுவந்து "இதே அளவு" என்பார்கள். அந்த அளவுச் சட்டையை அப்படியே நம்பி வெட்டாதீர்கள். ஒரு கேள்வி கேளுங்கள்.

"மிஸ், இந்தச் சட்டையில எங்க பிடிக்குது?"

"கை தூக்கினா கக்கத்துக்குள்ள வெட்டுது தங்கச்சி. பின்கழுத்தும் கொஞ்சம் இறக்கம் கூட."

அந்த இரண்டு பதிலும் அளவுச் சட்டையில் இல்லாதவை. புதிய பிளவுஸ் பழையதைவிட நன்றாக அமைவது இப்படிக் கேட்பதால்தான்.

எடுத்த அளவைத் துண்டுக் கடதாசியில் எழுதாதீர்கள். பெரிய கொப்பி ஒன்றில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், போன் இலக்கம், அளவுகள், அளவெடுத்த திகதி, கொடுக்கவேண்டிய திகதி, பேசிய கூலி, வாங்கிய முன்பணம். கேட்ட கழுத்து வடிவத்தைக் கையால் வரைந்துகொள்ளுங்கள். துணியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி அந்தப் பக்கத்திலேயே குத்திவைத்தால் துணி மாறாது. வட்ஸ்அப்பில் அவர் அனுப்பும் மாதிரிப் படத்தை அவர் பெயரில் சேமித்து வையுங்கள். ஆறு மாதம் போனால் பழைய அளவை மட்டும் நம்பாமல் நெஞ்சும் இடுப்பும் மறுபடி எடுங்கள். பருத்தித் துணியையும் லைனிங்கையும் நனைத்துக் காயவைத்து அயன் பிடித்த பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் கழுவலில் சுருங்கி, எடுத்த அளவெல்லாம் வீண்.

சிறு பிள்ளைகளின் சீருடையில் பக்கத்தில் ஓர் அங்குலமும் கீழ்விளிம்பில் இரண்டு மூன்று அங்குலமும் உள்ளே மடித்துத் தையுங்கள். வருட நடுவில் பிரித்து இறக்கலாம். அப்படி இறக்க வரும் தாய் அடுத்த பிள்ளையின் துணியையும் உங்களிடம்தான் கொண்டுவருவார்.

கூலி எப்படிப் போடுவது?

பக்கத்துக் கடை எவ்வளவு வாங்குகிறது என்று கேட்டு, அதில் ஐம்பது ரூபா குறைத்துப் போடுவதுதான் பலரும் செய்வது. அப்படிப் போட்டால் உழைப்பெல்லாம் எங்கே போகிறது என்றே தெரியாது. கூலி உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து வரவேண்டும்.

ஓர் உதாரணம். கடை வாடகை, கரண்ட் பில், போன், மெஷின் திருத்தம், தேய்மானம் எல்லாம் சேர்த்து மாதம் 24,000 ரூபா. உங்கள் உழைப்புக்கு மாதம் 48,000 ரூபா வேண்டும். மொத்தம் 72,000. மாதத்தில் வேலைசெய்யும் நேரம் 24 நாள், ஆறு மணிநேரம், ஆக 144 மணிநேரம். வகுத்தால் ஒரு மணிநேரத்துக்கு 500 ரூபா. இரண்டரை மணிநேரம் பிடிக்கும் பிளவுஸுக்கு உழைப்புக்கூலி 1,250. லைனிங், நூல், ஹூக் 300. ஆக 1,550 ரூபா. உங்கள் ஊர் வாடகை, உங்கள் கைவேகம் எல்லாம் வேறாக இருக்கும். எண்களை மாற்றிப் போடுங்கள், வழி இதுதான்.

நேரத்தைக் கணக்கிடும்போது மெஷினில் உட்கார்ந்த நேரத்தை மட்டும் எடுக்காதீர்கள். அளவு எடுத்தது, வெட்டியது, கையால் ஹூக் வைத்தது, அயன் பண்ணியது எல்லாம் வேலைதான். முதல் மாதம் ஒவ்வொரு உடுப்புக்கும் மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். எதில் லாபம், எதில் வெறும் களைப்பு என்பது தெரிந்துவிடும். கீழ்விளிம்பு இறக்குவது, ஸிப் மாற்றுவது போன்ற சின்ன வேலைக்கும் கூலி வாங்குங்கள்.

கூலிப் பட்டியலைப் பலகையில் எழுதிச் சுவரில் மாட்டிவிடுங்கள். ஊருக்குள் எல்லோரும் மாமி, மச்சாள், ராத்தா, அக்காதான். முகத்துக்கு முகம் விலை பேசினால் முறையும் கெடும், தொழிலும் கெடும். மாமிக்குச் சும்மா தைத்துக் கொடுக்க மனமிருந்தால் வருடத்தில் ஒன்றை அன்பளிப்பாகத் தைத்துக் கொடுங்கள். மற்றதற்கெல்லாம் பலகையில் உள்ளதுதான்.

மெஷினும் கடற்காற்றும்

ஆரம்பத்துக்கு மூன்று பொருள் போதும்: நல்ல தையல் மெஷின் ஒன்று, ஓவர்லொக் மெஷின் ஒன்று, கனமான அயன் ஒன்று. ஜுகி போன்ற தொழிற்சாலை மெஷின் வாங்குவதாக இருந்தால் சேர்வோ மோட்டார் உள்ளதைப் பாருங்கள். பழைய கிளச் மோட்டார் நீங்கள் தைக்காத நேரத்திலும் சுழன்று கரண்டைத் தின்னும். சேர்வோ, காலை அழுத்தும்போது மட்டும் ஓடும்.

பழைய கால்மெஷினை விற்றுவிடாதீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். அப்போது கால்மெஷின் வைத்திருந்தவருக்குத்தான் சொன்ன நாளில் கொடுக்க வழி இருந்தது.

கரையோரத்துக்கு உரிய தொல்லை துரு. உப்புக்காற்றில் ஊசியும் குண்டூசியும் பொபின் பெட்டியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஒரு குண்டூசியை வெள்ளைத் துணியில் இரவு குத்திவைத்தால் காலையில் மஞ்சள் புள்ளி நிற்கும். சவர்க்காரத்துக்கு அது போகாது. நமக்கு வரும் வேலையில் வெள்ளை அதிகம்: சீருடை, முதல் நன்மைக் கவுன், மணப்பெண் உடுப்பு. ஆகவே குண்டூசிகளை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். வேலை முடிந்ததும் மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மூடுங்கள். எண்ணெய் விட்ட மறுநாள் முதலில் பழந்துணியில் நாலு வரி ஓட்டிவிட்டே நல்ல துணியை வையுங்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை மணலும் தூசியும் உள்ளே வரும். தைத்து முடித்த உடுப்பைத் திறந்த கம்பியில் தொங்கவிடாமல் உறையில் போடுங்கள்.

ஊசி மலிவான பொருள், அதைச் சேமிக்க நினைக்காதீர்கள். மெல்லிய துணிக்கு 11, சாதாரணத் துணிக்கு 14, ஜீன்ஸுக்கு 16. முனை மழுங்கிய ஊசி பட்டுத் துணியில் நூலை இழுத்துவிடும். அந்தச் சாறியின் விலை உங்கள் ஒரு மாத வருமானமாக இருக்கலாம்.

துணி, நூல், நம்பிக்கை

கொழும்புப் புறக்கோட்டையில் கெய்சர் வீதியிலும் பெரிய தெருவிலும் மொத்தமாகத் துணியும் லைனிங்கும் நூலும் எடுக்கலாம். தனியே போய்வரும் பஸ் செலவைப் பார்த்தால், பக்கத்து ஊர்த் தையல்காரர் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, மாதத்துக்கு ஒருவர் போய் எல்லோருக்கும் எடுத்து வருவது நல்லது. துணியில் பணத்தை முடக்காதீர்கள். வெள்ளை, கறுப்பு, சந்தன நிறம், மெரூன் ஆகிய லைனிங்கும், ஓடும் நிறங்களில் நூலும் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியை அவர் முன்னாலேயே விரித்து அளந்து எழுதுங்கள். அகலத்தையும் பாருங்கள். 36 அங்குல அகலத்துணியும் 58 அங்குல அகலத்துணியும் ஒரே நீளத்தில் ஒரே வேலைக்கு வராது. கறை, நூல் இழுப்பு இருந்தால் அப்போதே காட்டிவிடுங்கள். தைத்துக் கொடுக்கும்போது மிச்சத் துணியைக் கேட்காமலே மடித்துக் கையில் கொடுங்கள். தையல்காரர் துணியை எடுத்துக்கொள்வார் என்ற சந்தேகம் ஊருக்கு ஊர் உண்டு. அது தீர்ந்த இடத்தில் நம்பிக்கை வரும்.

கடன் எடுக்குமுன்

தையல் மெஷினும் தவணைக் கடனும் கூடவே வளர்ந்தவை. சிங்கர் கம்பனி அமெரிக்காவில் 1850-களிலேயே மெஷினைத் தவணைக்கு விற்கத் தொடங்கியது. 1877-இல் இலங்கைக்கும் வந்தது. தவணைக்கு மெஷின் எடுப்பதில் தவறில்லை, மெஷின் உழைத்துத் தன் கடனை அடைக்கும்.

நுண்கடன் வேறு கதை. வாரத் தவணை, குழுப் பொறுப்பு, ஒன்றை அடைக்க இன்னொன்று என்று பெண்கள் படாத பாடுபட்டார்கள். 2018-இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடன்களில் அரசாங்கம் நிவாரணம் அறிவிக்கும் நிலை வந்தது. மத்திய வங்கி வட்டிக்கு 35 சதவீதம் என்று உச்ச எல்லை போடவேண்டி வந்தது. அந்த எல்லையே எவ்வளவு உயரம் என்று பாருங்கள். தையல் வருமானம் பெருநாள் மாதங்களில் ஏறி, மற்ற மாதங்களில் இறங்கும். வாரத் தவணை எல்லா வாரமும் ஒன்றுதான். உங்கள் மிக மெலிந்த மாதத்தில் கட்டக்கூடிய தவணைக்கு மேல் கடன் எடுக்காதீர்கள். வீட்டுச் செலவுக்கோ விசேஷத்துக்கோ கடையின் பெயரில் கடன் வேண்டவே வேண்டாம்.

கையில் தொழில், பையில் சான்றிதழ்

1978-இல் கட்டுநாயக்க வலயம் திறந்த பிறகும், 1992-இல் ஊர்ப்புறங்களில் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகள் அமைக்கும் திட்டம் வந்த பிறகும், ஏராளமான பெண்கள் மெஷின் பழகினார்கள். அங்கே ஒருவர் கொலர் மட்டும் வைப்பார், இன்னொருவர் கை மட்டும் பூட்டுவார். வேகம் அபாரமாக இருக்கும், ஆனால் முழு உடுப்பை வெட்டத் தெரியாது. கடை போட நினைக்கும் கார்மென்ட் பெண் முதலில் வெட்டுப் பழகவேண்டும். தெரிந்த தையல்காரரிடம் ஆறு மாதம் உதவிக்கு நின்றால் அது கைவரும்.

தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்கள் தையல் வகுப்பு நடத்துகின்றன. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்கள், வகுப்புக்குப் போகாமலே அனுபவத்தைக் காட்டிச் சோதனைக்கு இருந்து தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். வங்கியிலும், ஹோட்டல் ஓடர் கேட்கும் இடத்திலும், வெளிநாடு போனாலும் அந்தக் கடதாசி உங்களுக்காகப் பேசும்.

கடைக்குப் பெயர் வைத்தால் கற்பிட்டிப் பிரதேச செயலகத்தில் விசாரித்து வணிகப் பெயரைப் பதிவுசெய்யுங்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் கடை இடத்துக்கான ஆவணமும் தயாராக இருக்கட்டும். பதிவு இருந்தால் கடையின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம், நிறுவனங்களுக்கு முறையான பில் கொடுக்கலாம்.

உதவிக்கு ஆள் வைத்தால் சட்டப்படி வையுங்கள். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதம், தொழிலாளி 8 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதம். துண்டுக்கூலிக்குத் தைப்பவருக்கும் இந்த உரிமை உண்டு. இதைக் கொடுக்கும் அளவுக்கு வேலை வந்த பிறகே ஆள் எடுங்கள். உங்களிடம் பழகுகிற பிள்ளை நாளை தன் கடை போடும் என்று பயந்து வெட்டை மறைக்காதீர்கள்.

பழகிய தொழில் எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு நம் பக்கமே சாட்சி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டிப் பக்கத்திலும்தான் வந்து இறங்கினார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்களிடையே தையல் பழைய தொழில். வீடும் கடையும் மெஷினும் அங்கேயே கிடக்க, கையில் பழகிய தொழில் மட்டும் அவர்களோடு வந்தது. யாராலும் பறிக்க முடியாத அந்த மூலதனத்தை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுப்பது பெரிய காரியம்.

கடை போட முடிவெடுத்துவிட்டீர்களா? இந்த வாரமே மூன்று காரியம் செய்யுங்கள். ஒரு கொப்பி வாங்கி முதல் பக்கத்தில் வருடத்தின் விசேஷ நாட்களை எழுதுங்கள். உங்கள் ஒரு மணிநேரக் கூலியைக் கணக்கிடுங்கள். தெரிந்த மூன்று பேருக்குக் கூலி வாங்கியே தைத்து, சொன்ன திகதியில் கொடுங்கள். அளவு பிசகாமல், நாள் தவறாமல் கொடுக்கும் தையல்காரருக்கு எந்த ஊரிலும் வேலைக்குப் பஞ்சமில்லை.